செல்லுக்குள் சுற்றும் ரோட்டார்

அன்புள்ள ரங்கசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையைப் பையன் கையில் ஒப்படைத்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனிமேலாவது முழங்காலுக்கு ஓய்வு கொடு.

போனில் பேசும்போது, "தின்ன சோறு எப்படிடா தெம்பா மாறுது?" என்று கேட்டாய். அதைப் போனில் சொல்லி மாளாது என்றுதான் எழுதுகிறேன். ஆயுசு முழுக்க மோட்டார் ரீவைண்டிங் பார்த்த உனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சோறு குளுக்கோஸாக உடைந்து ரத்தம் வழியாகச் செல்லுக்குப் போய்ச் சேரும். செல் அதைப் படிப்படியாகப் பிரித்து எலக்ட்ரான்களைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் கார்பன், கார்பன் டை ஆக்ஸைடாகி மூச்சில் வெளியேறிவிடும். அசல் வேலை அதற்கப்புறம்தான். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிற்றுறுப்பின் உள்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் அந்த எலக்ட்ரான்களைக் கைமாற்றிக்கொண்டே போகும். அதில் கிடைக்கும் ஆற்றலை வைத்துப் புரோட்டான்களை, அதாவது எலக்ட்ரான் இழந்த ஹைட்ரஜனை, சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளும். கடைசியில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது ஆக்ஸிஜன். வாங்கியதும் அது தண்ணீராகிவிடும். நம் உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதி இந்த ஒரு வேலைக்குத்தான். சயனைடு ஆளைக் கொல்வதும் இந்த இடத்தை அடைத்துத்தான்.

அந்தப் பக்கம் குவிந்த புரோட்டான்கள் திரும்பி வரப் பார்க்கும். அவற்றுக்கு வழிவிடுவது ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். ஏடிபி என்பது செல் ஆற்றலைச் சேர்த்து வைத்துச் செலவழிக்கும் மூலக்கூறு, அதைச் செய்வது இந்தப் புரதம்தான். அதில் ரோட்டார் உண்டு, ஷாஃப்ட் உண்டு, அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரும் உண்டு. புரோட்டான்கள் நுழைய நுழைய ரோட்டார் சுற்றும். நம் உடம்பில் எட்டுப் புரோட்டான்களுக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி உண்டாகும். தசை சுருங்குவதற்கும் நரம்பு வேலை செய்வதற்கும் செலவாவது இந்த ஏடிபிதான். உடம்பில் எப்போதும் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் செலவானதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்து, ஒரு நாளில் ஏறக்குறைய நம் எடை அளவுக்கு ஓட்டிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்த்தும் விட்டார்கள். 1997ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பாக்டீரியாவிலிருந்து எடுத்த இந்தப் புரதத்தின் தலைப்பகுதியைக் கண்ணாடியில் ஒட்டி, ஷாஃப்ட்டில் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டி, கரண்ட் கொடுப்பது போல ஏடிபியை ஊற்றினார்கள். மைக்ராஸ்கோப்பில் அந்த இழை ஒரே திசையில் சுற்றியது. 2004ல் காந்த மணியைப் பொருத்தி, வெளியிலிருந்து காந்தத்தால் எதிர்த்திசையில் சுற்றினார்கள், ஏடிபி உண்டானது! ஒரே மெஷின், கரண்ட் கொடுத்தால் மோட்டார், சுற்றிவிட்டால் ஜெனரேட்டர். உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

புரோட்டான்களின் இந்த அழுத்தம்தான் சூட்சுமம் என்று 1961ல் சொன்னவர் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர். பல வருஷம் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உடம்புக்கு முடியாமல் எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து அங்கேயே ஆய்வுக்கூடம் வைத்தார். 1978ல் நோபல் பரிசு வந்தது. அந்த மனுஷனின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

ஏடிபியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர், எல்லாப்பிரகட சுப்பாராவ். 1929ல் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் கண்டறிந்தார். ஜெர்மனியில் லோமன் என்பவர் தனியாகக் கண்டறிந்ததும் அதே வருஷம். சுப்பாராவ் பெயரைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடித்ததே இல்லை.

உன் பேத்தி ப்ளஸ் டூ என்றாயே, ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்பது பழைய கணக்கு, இப்போது 30 முதல் 32 வரைதான் சொல்கிறார்கள் என்று அவளிடம் சொல். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் இருப்பதையே எழுதட்டும். அந்த இழை சுற்றும் வீடியோ இணையத்தில் இருக்கிறது. பையனிடம் கேட்டுப் போட்டுப் பார். பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுது.

அன்புடன்,
சிவஞானம்