மீனாவுக்கு, அந்தச் சான்றிதழ்கள் தொலைந்த கதை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, அதனால்தான் உடனே எழுதவில்லை. இப்போது கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். நேற்று சமையலறை வரை போய் ரசத்தில் உப்பு சரியா என்று பார்த்துவிட்டு வந்தார். உன்னை மறக்காமல் விசாரித்தார்.

புது வேலையில் கோப்புப் பதிவேற்றம் முழுவதும் உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். ‘பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து அனுமதித்தால் போதாதா?’ என்றும் கேட்டிருந்தாய். போதாது மீனா. எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு கல்வி உதவித்தொகைத் தளத்துக்குப் பின்தளம் எழுதினோம். மொழி பைத்தான், அதில் வலைத்தளம் கட்ட உதவும் ஃப்ளாஸ்க். மாணவர்கள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூன்றையும் ஏற்ற வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒரு ஃபோல்டர். கோப்பின் பெயரில் ‘../’ வைத்து யாரும் வேறு ஃபோல்டருக்குத் தாவிவிடக் கூடாதே என்று, ஃப்ளாஸ்க்கோடு வரும் வெர்க்ட்ஸாய்க் நூலகத்தின் ‘செக்யூர் ஃபைல்நேம்’ ஃபங்ஷனைப் போட்டேன். எல்லாரும் போடுவதுதான். அது ஆஸ்கியில், அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே உள்ள பட்டியலில், அடங்காத எழுத்தை எல்லாம் எறிந்துவிடும். தமிழில் ‘வருமானச் சான்றிதழ்’ என்று பெயர் வைத்த பிடிஎஃப் உள்ளே போனால், வெளியே வருவது ‘பிடிஎஃப்’ என்ற மூன்று ஆங்கில எழுத்து மட்டும். முன்னால் இருக்க வேண்டிய புள்ளிகூட இருக்காது. சாதிச் சான்றிதழுக்கும் அதே பெயர்தான் மிஞ்சும். இரண்டாவதாக வந்த கோப்பு முதல் கோப்பின் மேலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் பெயர் வைத்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தமிழில் வைத்தவர்களின் விண்ணப்பம் ‘ஆவணம் இல்லை’ என்று திரும்பியது. ஒரு பெண்ணின் அப்பா போன் செய்து, ‘மூணு தடவை ஏத்திட்டோம் மேடம்’ என்றார். குரலில் கோபமே இல்லை, தன் பக்கம்தான் ஏதோ தப்பு என்று நினைத்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அழிந்ததை மீட்க வழியில்லாததால் எல்லாரிடமும் மறுபடி கேட்டு வாங்கினோம்.

இப்போது வட்டில் எழுதும் பெயரை சர்வரே உருவாக்குகிறது, யுயுஐடி என்ற, இன்னொன்றோடு மோதாத நீண்ட அடையாள எண். மாணவர் வைத்த பெயர் டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கும், திரையில் காட்ட மட்டும். நீ ஃப்ளாஸ்க்குக்குப் பதில் ஜாங்கோவில் எழுதுகிறாய் என்றால் இன்னும் கவனி. பைத்தான் ரெகெக்ஸில், அதாவது எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் குறிமொழியில், ‘எழுத்து’ என்று பொருள்படும் குறி தமிழின் துணைக்காலையும் கொம்பையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. ஜாங்கோ பெயரைச் சுத்தம் செய்வது அதை வைத்துத்தான். ‘சான்றிதழ்’ ‘சனறதழ’ ஆகிவிடும்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன். அது அனுப்புகிறவர் சொல்லும் சொல், அவ்வளவுதான். ‘இது இந்த வகைக் கோப்பு’ என்று கோப்போடு வரும் கன்டென்ட்-டைப் ஹெடரும் அவர் பக்கத்திலிருந்தே வருகிறது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்த பிறகு புது ஐபோன்கள், அமைப்பை மாற்றாவிட்டால், படத்தை ஹெய்க் வடிவில்தான் சேமிக்கின்றன. பிரவுசிங் சென்டரில் அதற்கு ஜேபெக் என்று பெயரை மட்டும் மாற்றி ஏற்றினார்கள், நாங்களும் வாங்கிக்கொண்டோம். சரிபார்க்கும் அதிகாரியின் கணினியில் படம் திறக்கவில்லை. முதல் சில பைட்டுகளைப் பார்த்திருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும். ஜேபெக் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். பிஎன்ஜியின் இரண்டாம் பைட்டிலிருந்து அதன் பெயரே எழுதியிருக்கும்.

அதோடும் நிறுத்தாதே, முதல் பைட்டுகளைப் போலியாக வைப்பது சுலபம். படத்தைப் பில்லோ என்ற பைத்தான் பட நூலகத்தில் உண்மையாகவே திறந்து புதிதாக எழுதிவிடு. கேமரா படத்தோடு சேர்த்து வைக்கும் எக்சிஃப் குறிப்பில் ஒளிந்திருக்கும் வீட்டு இருப்பிடமும் அதோடு போய்விடும். அதற்கு முன் எக்சிஃபில் உள்ள திசைப்படி படத்தைத் திருப்பிக்கொள், இல்லாவிட்டால் மாணவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் படுத்திருப்பார்கள். ஆனால் பைட் சோதனைக்குப் பிறகுதான் நூலகத்திடம் கொடுக்க வேண்டும். 2016இல் இமேஜ்மேஜிக் என்ற இன்னொரு பட நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டையில், ஜேபெக் என்று பெயர் வைத்த கோப்பு சர்வரில் கட்டளையையே ஓட்டியது. எஸ்விஜி வகைப் படம் தேவையில்லை என்றால் வாங்கவே வாங்காதே, அதற்குள் ஸ்கிரிப்ட் எழுத முடியும். ஜிப் வாங்கினால் விரிந்த பிறகான அளவுக்கும் வரம்பு வை. 42 கிலோபைட் கோப்பு ஒன்று, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் ஜிப்களையும் விரித்தால், நாலரை பெட்டாபைட்டாக, அதாவது ஏறத்தாழ 45 லட்சம் ஜிபியாக விரியும்.

அளவு பற்றி ஒன்று. உன் நிரலுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் தானாக வைத்திருக்கும் வரம்பு 1 எம்பி. போனில் எடுத்த படம் பெரும்பாலும் அதைத் தாண்டும். நீ தமிழில் எவ்வளவு பொறுமையாகப் பிழைச் செய்தி எழுதியிருந்தாலும், அது காட்டப்படும் முன்பே என்ஜின்எக்ஸ் 413, அதாவது அனுப்பியது மிகப் பெரிது, என்று ஆங்கிலத்தில் முகத்தில் அறைந்துவிடும். ஃபார்ம், என்ஜின்எக்ஸ், உன் நிரல் மூன்றும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே உங்கள் தளத்தில் தமிழ்ப் பெயரில் இரண்டு கோப்புகளை ஒரே விண்ணப்பத்தில் ஏற்றிப் பார். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? அதற்குள் அம்மா மாடிப்படி ஏறிவிடுவார் என்று டாக்டர் சொல்கிறார்.

அன்புடன்,
செல்வி