இடி முழங்கும்போது பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, மகளை அழைத்துவரக் குடையோடு புறப்பட்டேன். வேளிமலைப் பக்கம் வானம் மையாக இருண்டிருந்தது; இங்கே தூறல்தான். குளத்தங்கரை அயனி மரத்தடியில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். புத்தகப்பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்த ஒருத்தி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டி சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். மின்னல் வெட்டியது, நொடிகளை எண்ணினேன். ஆறு வருவதற்குள் இடி அதிர்ந்தது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 நொடி ஆகும். அப்படியென்றால் அது இரண்டு கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. எல்லாரையும் இழுத்துக்கொண்டு எதிரிலிருந்த கான்கிரீட் வீட்டுக்குள் ஏறினேன். அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை கேட்காமல் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்.

எந்த ஒரு பள்ளியையும் குறை சொல்ல வரவில்லை. "மழை வலுக்குமுன் வீடு சேரட்டும்" என்று நல்ல மனதோடுதான் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள். ஆனால் ஆபத்து இருப்பதே அந்த நேரத்தில்தான். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். இடி காதில் கேட்டாலே அது நம்மை எட்டும் தொலைவில் இருக்கிறது என்று பொருள். ஆனி, ஆடிச் சாரலில் இடி குறைவு. சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் இடியோடு வருகின்றன. அதுவும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல், பள்ளி விடும் நேரத்தில்.

நான் கேட்பது ஒன்றுதான். இடி கேட்டால் பிள்ளைகளை வகுப்பறைக்குள்ளேயே வைத்திருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து விடுங்கள். வராந்தா போதாது, தகரம் போட்ட சைக்கிள் கொட்டகையும் போதாது. சன்னல் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் தொடாமல் உள்ளே உட்காரட்டும். கதவு, சன்னல் மூடிய பஸ்ஸில் ஏறிப் போகிறவர்களுக்குப் பயமில்லை. அதற்காக நிறுத்தத்தில் காத்து நிற்க வேண்டாம். பஸ் வந்தபின் விட்டால் போதும்.

மரத்தடி ஏன் கூடாது என்பதைக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லுங்கள். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். வேர் வழியாகத் தரையிலும் பரவும். நம் ஊரில் தென்னையும் ரப்பரும் இல்லாத வழி எது? அதனால்தான் வழியில் ஒதுங்க இடம் தேடும்படி அவர்களை விடக்கூடாது என்கிறேன்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. இதை ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். தொடப் பயந்து சுற்றி நிற்பதில் போகும் நிமிடங்கள்தான் உயிரைக் கொண்டுபோகின்றன. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

பெற்றோர்களே, வாசலில் நின்று "பிள்ளையை விடுங்கள், நேரமாகிறது" என்று அவசரப்படுத்துபவர்கள் நாம்தான். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இனி நாமும் உள்ளே போய் அவர்களோடு உட்காருவோம். ஐப்பசி பிறக்குமுன் ஒரு கூட்டம் போட்டு இதை முடிவாக எழுதி வையுங்கள். எந்த நாள் என்று சொன்னால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
தக்கலை வட்டாரம்