ரோசோவிலிருந்து அக்காவுக்கு

ரோசோ, டொமினிக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவை அழைத்துக்கொண்டு மூவரும் இந்தக் கரீபியன் தீவுக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து எந்த வழியாக வரச் சொல்வது என்பதே என் யோசனையாக இருக்கிறது.

மயாமியிலிருந்து நேர் விமானம் இருக்கும்போது பக்கத்துத் தீவிலிருந்து படகு எதற்கு என்று மாமா கேட்டிருக்கிறார். 2021 டிசம்பரில் தொடங்கிய அந்த விமானம் மூன்றரை மணி நேரத்தில் இங்கே இறக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மயாமி போய்ச் சேர்வதே பெரிய சுற்று. தவிர, அமெரிக்காவில் விமானம் மாறுகிறவர்கள்கூடக் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்பதால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாமாவுக்கு அமெரிக்க விசா தேவை. டொமினிக்காவுக்குள் நுழைய அவருக்கு விசாவே வேண்டாம் என்பதுதான் வேடிக்கை.

இறங்கிய பிறகும் பயணம் முடியாது. டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையம் தீவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரோசோவுக்கு மலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஏற்காடு போகும்போதே அம்மாவுக்குக் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆயிற்று என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவே பாரிஸ் வழியாக, பிரான்சின் பகுதியான பக்கத்துத் தீவு குவாதலூப்புக்கு வந்து படகு ஏறுவதே நல்லது என்பது என் எண்ணம். தாத்தா 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்ததன் பலனாக உங்களுக்கும் அம்மாவுக்கும் அங்கே ஒரு தடையும் இல்லை. மாமா மட்டும், ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா குவாதலூப்புக்குச் செல்லாது என்பதை நினைவில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். படகு ஏறும் ஊரான புவாந்த்-அ-பித்ரில் ஓர் இரவு தங்கும்படி இருக்கும். அதையும் வீண் என்று நினைக்காதீர்கள். 1854 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் சந்ததியினர் வாழும் ஊர் அது. காப்பெஸ்தேர் பக்கம் ஷான்ஜியில் கோபுரத்தோடு ஒரு கோயில் இருக்கிறது. அம்மாவை ஒரு நடை அங்கே அழைத்துப் போய்விடலாம்.

மறுநாள் படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். குறையைச் சொல்லாமல் விடமாட்டேன். லே சேந்த் தீவுகளைத் தாண்டியதும் அட்லாண்டிக் அலைகள் பக்கவாட்டில் வந்து மோதும். போன ஜனவரியில் நான் வந்தபோது பணியாளர் காகிதப் பைகளைக் கட்டாகக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பிக்குக் கம்பி தாவி, கேட்பதற்கு முன்பே ஒவ்வொருவர் மடியிலும் வைத்துக்கொண்டு போனார். என் பையும் வீணாகவில்லை. ஆனால் இந்தத் தீவின் வடமேற்கில் உள்ள போர்ட்ஸ்மவுத் வந்தவுடன் மலை காற்றை மறைத்துவிட, கடல் குளம்போல் ஆகிவிட்டது. அங்கிருந்து ரோசோ வரை கரையைப் பார்த்துக்கொண்டே வரலாம். துறையிலிருந்து என் வீடு பத்து நிமிட நடைதான்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று பலமாக வீசும். ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பரில் மரியா புயல் இந்தத் தீவை என்ன பாடு படுத்தியது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. எனவே மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வாருங்கள். கீழ்த்தளத்தில் பின்பக்கம் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு.

மாமா விமானத்தில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், பெட்டியின் சீட்டில் டி.ஓ.எம். என்ற இந்த விமான நிலையக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஊரை டொமினிக்கன் குடியரசு என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டி அந்த நாட்டுத் தலைநகர் சாந்தோ தொமிங்கோ போய் நான்கு நாள் கழித்துத்தான் வந்தது.

படகு எல்லா நாளும் கிடையாது, அட்டவணையும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆதலால் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் உத்தேசத் தேதியை எழுதுங்கள். நான் துறைக்குப் போய் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி