ரவென்னா போகும் முன்

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த செய்தி படித்து மனம் நிறைந்தது. இத்தாலிப் பயணத்தில் ரவென்னாவையும் சேர்த்துக்கொண்டாயே, அதுவும் நல்ல செய்திதான். அங்குள்ள சான் வித்தாலே ஆலயத்தில், சுமார் 16 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை எட்டுத் தூண்கள் எப்படித் தாங்குகின்றன என்று கேட்டிருந்தாய்.

சான் வித்தாலேயின் குவிமாடம் கல்லால் ஆனதல்ல, சுடுமண் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை குறுகியிருக்கும். அதை அடுத்ததன் வாய்க்குள் செருகி, காரை வைத்து, வளையம் வளையமாக ஏற்றியிருக்கிறார்கள். குழாய்க்குள் வெறும் காற்றுதான் என்பதால் எடை குறைவு, கனமான சென்டரிங்கும் வேண்டாம். வெளித்தள்ளும் விசை குறைந்ததால்தான், பலிபீடப் பக்கம் தவிர மற்ற ஏழு பக்கங்களையும் அரைவட்டமாகக் குடைந்து, இரண்டு அடுக்கு வளைவுகளாகத் திறந்துவிட முடிந்தது. வெளியே நின்று குவிமாடத்தைத் தேடாதே, ஓட்டுக்கூரை அதை மூடியிருக்கிறது. உள்ளே அதில் தெரிவது 18ஆம் நூற்றாண்டு ஓவியம். அந்த இடத்துக்கு அது பொருந்தவே இல்லை என்பது என் எண்ணம்.

உன் கண் பலிபீடப் பகுதியில் நிற்கட்டும். ஆலயம் 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் எதிரெதிர்ச் சுவர்களில் மொசைக் படங்களாக நிற்கிறார்கள். ஜஸ்டினியன் ரவென்னாவுக்கு வந்ததே இல்லை. அருகில் ஆயர் மாக்சிமியானுஸின் தலைக்கு மேல் மட்டும் பெயர் எழுதியிருக்கும்.

மொசைக்கில் பதிக்கும் தங்கச் சில்லு என்பது கண்ணாடி மேல் மெல்லிய தங்க ரேக்கு, அதன் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம். அந்தப் படலம் உரிந்தால் தங்கமும் போய்விடும். மேல்பூச்சுக் காரை இறுகும் முன் முடிக்கக்கூடிய அளவுக்கே பூசுவார்கள். இறுகியபின் அழுத்திய சில்லு பிடிக்காது. ஒவ்வொரு சில்லும் கொஞ்சம் வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால்தான், நீ நடக்க நடக்க ஒளி இடம் மாறும். பழுதுபார்க்கும்போது மொசைக்கைப் பெயர்த்து சிமெண்டில் சமமாகப் பதித்த இடங்களில் இந்த உயிர் போய்விடுகிறது. போதாததற்கு சிமெண்டின் உப்பு ஈரத்தோடு ஏறிப் பூச்சைத் தளர்த்தும். அப்படித் தளர்ந்த இடத்தை விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். அங்கே சுண்ணாம்புக் கலவையை ஊசியால் செலுத்துவதே நல்ல வழி.

நியோன் திருமுழுக்கு மண்டபத்தையும் விட்டுவிடாதே. நிலம் அமிழ்ந்ததால் அதன் பழைய தரை இப்போதையதற்கு சுமார் 3 மீட்டர் கீழே இருக்கிறது. உயரத்தை மனதில் கூட்டிப் பார். குவிமாடத்தின் நடு வட்டத்தில் யோவான் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் மொசைக் காட்சி இருக்கும். அதில் இயேசுவின் தலையும் யோவான் கையிலுள்ள கிண்ணமும் பிற்காலப் பழுதுபார்ப்பு. அவற்றை வைத்து, மொசைக் உருவான 5ஆம் நூற்றாண்டைப் பற்றி எதையும் முடிவு செய்துவிடாதே. பைனாகுலர் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
ராஜன்