முதலில் அந்த 55 பின் போர்டு

திருநகர், மதுரை

அன்புள்ள மாப்ள செந்திலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூரில் பழைய இரும்புக் கடையில் 55 பின் போஷ் மோட்ரானிக் ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஒன்று உனக்கு அகப்பட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கூடவே உன் பிஎஸ்-6 (புதிய புகை விதி) வண்டியின் ஈசிஎம்மையும் பிரித்து உள்ளே இருக்கும் ப்ரோகிராமைப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதை இப்போது தொடாதே. பழையதில் ப்ரோகிராமும் மேப்பும் (எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று சொல்லும் அட்டவணைகள்) பூட்டு எதுவும் இல்லாமல் 28 கால் வைத்த ஒரே ஈப்ராம் மெமரி சிப்பில் கிடக்கின்றன. புதியதில் எல்லாம் ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கும் ஃபிளாஷில். பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை என்று அடுக்கடுக்காகப் பூட்டு. மாதக்கணக்கில் பூட்டோடு மல்லுக்கட்டினாலும் இன்ஜினைப் பற்றி ஒரு வரி புதிதாகத் தெரியாது.

அந்த ஈப்ராம் சிப் சாக்கெட்டில் இருந்தால் இரண்டு முனையிலும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பு. ஒரே பக்கமாக நெம்பினால் எதிர்முனைக் கால்கள் மடங்கிவிடும். போர்டோடு பற்றவைத்திருந்தால் 14-ஆவது காலில் கவனம் வேண்டும். அது கிரவுண்டு; அகலமான தாமிரப் பட்டையில் சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் முழுசாக உருகுமுன் இழுத்தால் துளையின் உள்பூச்சும் சேர்ந்து பிய்ந்து வரும். புது ஈயம் வைத்துச் சூடேற்றிவிட்டு உறிஞ்சி எடு. பிறகு நல்ல 28 பின் சாக்கெட் ஒன்றைப் பற்றவை. கண்ணாடி ஜன்னல் மேல் இருக்கும் ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதே. புற ஊதா ஒளி பட்டால் அழிகிற சிப் அது.

சிப் மேல் 27சி256 என்று இருந்தால் 32 கேபி. சிப் படிக்கும் கருவியான புரோகிராமரில் வைத்து மூன்று முறை படித்து, மூன்று ஃபைலும் ஒன்றுதானா என்று ஒப்பிடு. புரோகிராமரில் வசதி இருந்தால் 4.5 வோல்ட்டிலும் 5.5 வோல்ட்டிலும் ஒரு தடவை படி. இரண்டும் வேறுபட்டால் சில பிட்டுகள் மங்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். படித்தெடுத்த அந்த ஃபைலை, அதாவது டம்ப்பை, நம்பாதே.

உள்ளே இருப்பது 8051 குடும்பத்து ப்ராசஸர். ப்ரோகிராமைப் பிரித்துக் காட்டும் கிட்ரா மென்பொருளில் 8051 என்று தேர்ந்தெடுத்து ஃபைலைத் திற. 2019-இல் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ அதை இலவசமாக வெளியிட்டது நம் போன்றவர்களுக்குப் பெரிய வரம். முகவரி 0-வில் பெரும்பாலும் 02 என்ற பைட் இருக்கும். அடுத்த இரண்டு பைட் சொல்லும் இடத்துக்குத் தாவு என்று பொருள். ஹெக்ஸ் (16 அடிமான எண்) முகவரி 3, 0பி, 13, 1பி, 23 ஆகியவை இன்டரப்ட் வாசல்கள், அதாவது அவசர வேலை வந்தால் ப்ராசஸர் தாவும் இடங்கள். கோடுக்குள் ஹெக்ஸ் 90 என்ற பைட்டைத் தேடினால் அதன் பின்னால் வரும் இரண்டு பைட் ஒரு முகவரி. சற்றுத் தள்ளி 93 வந்தால் அந்த முகவரியிலிருந்து அட்டவணை படிக்கப்படுகிறது. ஆனால் 90 என்பது வெறும் டேட்டாவாகவும் இருக்கலாம். கிட்ரா கட்டளைகளாகப் பிரித்துக் காட்டிய (டிஸ்அசெம்பிள் ஆன) பகுதியில் மட்டும் தேடு.

மேப்பின் தலைப்பு அழகான சங்கதி. பழைய மோட்ரானிக் பலவற்றில் முதல் பைட் எந்த அளவீட்டுக்கு உரிய அச்சு என்று காட்டும், அடுத்தது புள்ளிகளின் எண்ணிக்கை, அதன் பிறகு புள்ளிகளுக்கு இடைப்பட்ட வித்தியாசங்கள். கடைசிப் பைட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். கடைசிப் பைட் ஹெக்ஸ் 60, அதாவது 96 என்று வை: 256-இல் 96 போனால் 160. ஆர்பிஎம் அச்சில் 40-ஆல் பெருக்கினால் 6400. அதற்கு முந்தைய பைட் ஹெக்ஸ் 0ஏ, அதாவது 10 என்றால், 160-இல் 10 போக 150, அதாவது 6000 ஆர்பிஎம். இப்படி அச்சைக் கண்டுபிடித்துவிட்டால் அட்டவணையை வரைந்து பார். ஆர்பிஎம் கூடக் கூட ஏறி, லோடு கூடக் கூட இறங்கினால் அது இக்னிஷன் டைமிங், அதாவது பொறி வைக்கும் நேரம்.

மேப்பை மாற்றி எழுத இரட்டிப்பு அளவுள்ள 27சி512 சிப் கிடைத்தால் ஒன்றைக் கவனி. 256-இல் முதல் கால் விபிபி, சிப்பில் எழுதும்போது மின்னழுத்தம் கொடுக்கும் கால். போர்டில் அது 5 வோல்ட்டில் கட்டியிருக்கும். 512-இல் அதே கால் ஏ15 முகவரிக் கோடு. எனவே போர்டு மேல்பாதியை மட்டும்தான் படிக்கும். 32 கேபி ஃபைலை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதிவிடு. கீழ்ப்பாதியில் மட்டும் எழுதிவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஈசிஎம் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய. ஒரிஜினல் சிப்பை மட்டும் அழிக்காமல் வை.

புதியது வேண்டாம் என்று முழுசாகச் சொல்லவில்லை. ஓபிடி சாக்கெட்டில் (வண்டியைச் சோதிக்கக் கருவி செருகும் இடம்) 6, 14 பின்களில் கேன் என்ற தகவல் தொடர்பு ஓடுகிறது, பெரும்பாலும் 500 கேபிபிஎஸ். கேட்டுப் பார்ப்பதில் ஆபத்து குறைவு. ஆர்பிஎம்முக்கு வரும் இரண்டு பைட் எண்ணை 4-ஆல் வகுத்தால் போதும். பெரிய வேலையும் நடந்திருக்கிறது. 2015-இல் ஃபோக்ஸ்வாகனின் புகைப் பரிசோதனை மோசடி வெளியானபோது ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஹேக்கர் தன் சொந்த ஷரான் காரின் போஷ் ஈடிசி17 ஈசிஎம் ப்ரோகிராமைப் பிரித்தார். வண்டி பரிசோதனை ஓட்டத்துக்குரிய நேரம், தூரக் கோட்டுக்குள் ஓடுகிறதா என்று அது பார்ப்பதையும், கோட்டை விட்டு விலகினால் புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவத்தின் அளவு குறைவதையும் அந்த டிசம்பரில் ஹாம்பர்கில் காட்டினார். இந்த வித்தைக்கு அதுதான் நல்ல பயன் என்பேன். டிபிஎஃப்பை (டீசல் புகைக்கரி வடிகட்டி) கழற்றிவிட்டு எரர் வராமல் மறைத்துத் தரச் சொல்லி உன்னிடமும் ஆள் வருவார்கள். செய்யாதே.

நம்ம பாண்டி செல்லூரில் ஒரு பழைய கார்பரேட்டர் காருக்கு ஸ்பீடுயினோ என்ற, நாமே கட்டிக்கொள்ளும் ஈசிஎம்மை வைத்து இன்ஜெக்‌ஷன் ஆக்குகிறான். ஆர்டுயினோ மெகா 2560 போர்டு, கிராங்க் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று காட்ட 36-இல் ஒரு பல் குறைந்த வீல். கிராங்க் சென்சார் ஒயரின் ஷீல்டை இரு முனையிலும் கிரவுண்டு செய்துவிட்டதால் சிக்னலில் இரைச்சல். ஒரு முனையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

உன் ஈசிஎம் மேல் 0 261 200 என்று தொடங்கும் போஷ் எண் இருக்கும். அதையும் மூன்று டம்ப்பையும் அனுப்பு. அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் வருவாய் அல்லவா, போர்டையும் கொண்டு வா. ஆஸிலோஸ்கோப் இங்கே இருக்கிறது.

உன்,
முத்து