வாங்கியவர்கள் ஏன் வாழவைக்கவில்லை?

ஆசிரியருக்கு,

நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கப்போவதாக 2013 செப்டம்பரில் அறிவித்தார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

நான் நோக்கியா ரசிகன். நோக்கியா 1100 போனில் ‘சி’ பொத்தானை அழுத்திப் பிடித்தால் உச்சியில் டார்ச் எரியும். தூசி புகாத ரப்பர் விசைகள். யார் கையில் இருக்கப்போகிறது என்று யோசித்துச் செய்த போன் அது. 25 கோடிக்கு மேல் விற்றதில் வியப்பில்லை.

2011-இல் வந்த நோக்கியா என்9 போன் இன்னும் ஒருபடி மேல். முகப்பில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. விளிம்பிலிருந்து விரலை இழுத்தால் போதும், திறந்திருக்கும் செயலி விலகி வழிவிடும். இன்று எல்லா போன்களிலும் அதைத்தானே செய்கிறோம்? ஆனால் அது வெளிவருமுன்பே, மைக்ரோசாஃப்டிலிருந்து நோக்கியாவுக்கு வந்த தலைவர் ஸ்டீபன் ஈலாப், இனி மைக்ரோசாஃப்டின் மென்பொருளில் ஓடும் விண்டோஸ் போன்தான் என்று முடிவெடுத்துவிட்டார். பிறக்கும்போதே கைவிடப்பட்ட பிள்ளை. என்னைக் கேட்டால், நோக்கியா விற்கப்பட்டது அன்றைக்குத்தான். 2013-இல் நடந்தது பத்திரப்பதிவு.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2015-இல் மைக்ரோசாஃப்ட்காரர்கள் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி, 7,800 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறு ஆண்டு சாதாரண போன் பிரிவை 35 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள்.

மென்பொருள் நிறுவனம் போன் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கிய பொருளை ஜனங்கள் ஏன் நேசித்தார்கள் என்று கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு நோக்கியா ரசிகன்