டாஷ்போர்டில் ரேடியோ செட்டுக்கான அந்த 180-க்கு 50 மி.மீ. இடத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கார் நிறுவனங்களில் டாஷ்போர்டையும் அதன் பின்னால் ஓடும் வயரிங்கையும் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

இதை உங்கள் விற்பனைப் பிரிவுக்கு எழுதவில்லை. அங்கே எழுதினால் புது மாடலின் படமும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரும்தான் பதிலாக வரும். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, ஏன் போகிறது என்று தெரிந்தவர்கள் நீங்கள். அதனால் உங்களிடமே கேட்டுவிடலாம் என்று இந்த மடல்.

காரை நீண்ட காலம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எஞ்சினில் குறையில்லை, கியர் ஒழுங்காக விழுகிறது, அடியில் துரு இல்லை. டாஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும், பாட்டுக் கேட்கும் கம்பெனி செட் மட்டும் வேறொரு காலத்திலேயே நின்றுவிட்டது. சிடி போட ஒரு வாய், சில கார்களில் போனை வயரால் இணைக்கும் ஆக்ஸ் துளை, இன்னும் சிலவற்றில் பெருமையாக ஒரு ப்ளூடூத் சின்னம். அந்தச் சின்னத்தை நம்பி போனை இணைத்தால் அழைப்பு வரும், பாட்டு வராது. காரணம் உங்களுக்குத் தெரியும். ப்ளூடூத்தில் அழைப்புக்கு ஹெச்எஃப்பி, பாட்டுக்கு ஏ2டிபி, பாட்டை நிறுத்தவும் மாற்றவும் ஏவிஆர்சிபி என்று வழிமுறைகள் தனித்தனி. முதலாவதை மட்டும் வைத்து அனுப்பிய கார்கள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மற்ற இரண்டையும் பின்னால் சேர்த்துக்கொள்ள அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எந்த வழியும் வைக்கவில்லை.

சரி, போனின் பாட்டைக் காரின் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கி சிகரெட் லைட்டர் துளையில் செருகிக்கொள்ளலாமே என்பீர்கள். செருகிப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். காலியான அலைவரிசை ஒன்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தால், கொஞ்ச தூரம் போனதும் அதே அலைவரிசையில் ஏதோ ஒரு நிலையம் வந்து ஏறிக்கொள்ளும். ஆக்ஸ் துளையில் சின்ன ப்ளூடூத் ரிசீவர் வைத்தால் அதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதற்கு மின்சாரமும் காரிலிருந்தே எடுத்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய விசில் கூடவே ஏறும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. அதை அடக்க இன்னொரு குட்டிப் பெட்டி வாங்க வேண்டும். ஒட்டுப்போட்டே ஓய்ந்துவிடலாம்.

இதற்கெல்லாம் சுத்தமான தீர்வு ஒன்று உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. உங்கள் துறையே உண்டாக்கிய தீர்வுதான். ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவை ப்ளாபுங்க்ட் 1932-ல் கொண்டுவந்தபோது அது டாஷ்போர்டில் அடங்காத பெரிய பெட்டி. பிறகு பல பத்தாண்டுகள் ஆளுக்கொரு அளவு. கடைசியில் ஜெர்மனியின் தர அமைப்பு வகுத்த டிஐஎன் 75490 அளவு, 1984-ல் ஐஎஸ்ஓ 7736 என்ற உலகத் தரமாக ஆனது. அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. உயரத்தை இரட்டிப்பாக்கி 100 மி.மீ. ஆக்கினால் டபுள் டின். பின்னால் வரும் கனெக்டருக்கும் ஐஎஸ்ஓ 10487 என்று ஒரு தரம் வந்தது. மின்சாரத்துக்கு எட்டு பின் (இணைப்பு ஊசி), ஸ்பீக்கருக்கு எட்டு பின். ஒரு நாட்டில் செய்த செட் இன்னொரு நாட்டில் செய்த பல கார்களிலும் உட்காரலாம் என்ற நிலைமை அப்படித்தான் உருவானது. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் யுஎஸ்பி வந்தது. கார் அப்படியே இருந்தது, செட் மட்டும் மாறியது.

அந்தக் காரில் செட் மாற்றும் வேலை எவ்வளவு நேர்மையாக இருக்கும் என்று பாருங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் நெம்புகோலை ஓரத்தில் கொடுத்தால் செட்டைச் சுற்றியுள்ள சட்டம் ஒவ்வொரு கிளிப்பாக விட்டுக் கையோடு வரும். உள்ளே நாலு திருகு, அல்லது இரண்டு பக்கமும் செருகி இழுக்கிற வளைந்த கம்பிச் சாவிகள். செட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததும் பின்னால் இரண்டே சமாசாரம்: கனெக்டர், ஏரியல் வயர். கடையில் கிடைக்கும் அடாப்டர் ஹார்னஸ் என்ற வயர்க் கொத்தின் ஒரு முனை கார் கனெக்டரில் மாட்டும். மறுமுனை வயர்களைப் புது செட்டின் வயர்களோடு சேர்க்க வேண்டும். அந்த வேலையைக் காருக்குள் குனிந்துகொண்டு செய்யத் தேவையில்லை. மேஜையில் வைத்தே பற்றவைத்து, சுருங்கும் உறையைப் போட்டுச் சூடு காட்டிவிடலாம்.

நிறங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் விற்கும் செட்களில் மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். செட்டின் நினைவு அதில்தான் நிற்கிறது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும். கறுப்பு, பாடிக்குப் போகும் எர்த். ஆரஞ்சு, ஹெட்லைட் போட்டால் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு. நீலம், மோட்டாரில் உயரும் ஏரியலுக்கு. ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். எந்தப் பொறியியல் படிப்பும் படிக்காதவர்கூட மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுகிற வேலை. ப்ளூடூத்துக்கான மைக் வயரை முன் கண்ணாடியின் ஓரத் தூணான ஏ பில்லர் வழியாக மேலே கொண்டுபோகும்போது மட்டும் கவனம் வேண்டும். அங்கே ஏர்பேக் இருந்தால் வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் குறுக்கே போகக் கூடாது.

இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டிலும் உங்களில் சிலர் கை வைத்தீர்கள். தரத்தின்படி மின்சாரக் கனெக்டரின் 4-ஆம் பின்னில் நிரந்தர மின்சாரம், 7-ஆம் பின்னில் சாவியோடு வரும் மின்சாரம். சில கார்களில் இரண்டும் இடம் மாறி வந்தன. அதில் புது செட்டை அப்படியே மாட்டினால் செட் பாடும், குறை எதுவும் தெரியாது. அடுத்த நாள் சாவியைப் போட்டால் கடிகாரம், சேமித்த நிலையங்கள், இணைத்த போன் எல்லாம் மறந்து புதிதாகப் பிறந்திருக்கும். செட் தயாரிக்கிறவர்கள் சலித்துப்போய் மஞ்சள், சிவப்பு வயர்களின் நடுவில் கழற்றி மாற்றிச் செருகும் இணைப்புகளையே வைத்து விற்கத் தொடங்கினார்கள். உங்கள் குறும்புக்கு அவர்கள் பரிகாரம் செய்தார்கள். அதுகூடப் போகட்டும்.

இப்போது நீங்கள் செய்திருப்பதற்குப் பரிகாரமே இல்லை. இன்றைய காரில் கழற்றி வைக்கும்படி செட் என்று தனியாக ஒன்று கிடையாது. டாஷ்போர்டின் வளைவோடு வளைந்த ஒரு திரை; அதற்குள் ஏசி, பின் கேமரா, பார்க்கிங் சென்சாரின் சத்தம், காரின் செட்டிங்குகள் எல்லாம். பழைய செட்டில் சாவி போட்டதும் சிவப்பு வயரில் மின்சாரம் வரும். இப்போது அப்படி ஒரு வயரே இல்லாத கார்கள் இருக்கின்றன. சாவி போட்டாயிற்று என்ற செய்தி, காரின் மின்னணுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது வயரான கேன் பஸ் வழியாகத் தகவலாக வருகிறது. 1986-ல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் பஸ் அருமையான கண்டுபிடிப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை. அதில் ஓடும் செய்திகளின் அர்த்தத்தை நீங்கள் பூட்டி வைத்திருப்பதில்தான் சண்டை.

ஸ்டியரிங் பட்டன்களை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அளவு. பட்டனை அழுத்தி மல்டிமீட்டரில் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும், புது செட்டுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இப்போது அதே பட்டன் ஒரு டிஜிட்டல் செய்தியை அனுப்புகிறது. அதை மொழிபெயர்க்க யாரோ ஒருவர் காரின் வயரில் காது வைத்து ஒட்டுக்கேட்டு, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி இன்டர்ஃபேஸ் பெட்டி செய்து விற்கிறார். சில கார்களில் சீட் பெல்ட் போடாததற்கான மணிச் சத்தம்கூட செட் வழியாகத்தான் வருகிறது. செட்டைக் கழற்றினால் எச்சரிக்கை மணியே ஊமையாகிவிடும். கருவிகளை வட்டமாக இணைத்து, ஒளி இழையில் ஒலியை அனுப்பும் மோஸ்ட் வளையம் உள்ள கார்களில் வளையத்திலிருந்து ஒரு கருவியைக் கழற்றினால் மற்றவையும் பேச்சை நிறுத்திவிடும். பாட்டுக் கேட்கும் பெட்டிக்கு இத்தனை பொறுப்பை யார் தரச் சொன்னார்கள்?

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைத்தால் இரண்டு சம்பவங்களை நினைவுபடுத்துகிறேன். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்கள் சிலவற்றின் ரேடியோ 94.9 எஃப்எம் அலைவரிசையிலேயே மாட்டிக்கொண்டது. அந்த நிலையம் ஒலியோடு சேர்த்துச் செட்டின் திரைக்கு அனுப்பிய படக்கோப்புகளின் பெயருக்குப் பின்னால் இன்ன வகைப் படம் என்று சொல்லும் வால் இல்லை. அதைத் தின்ற செட் செரிக்க முடியாமல் விழுந்து விழுந்து எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 பிப்ரவரியில், டெஸ்லா சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. நடுத்திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி ஃப்ளாஷ் நினைவகம் எழுதி எழுதித் தேய்ந்துபோனதுதான் காரணம். அது போனால் பின் கேமராவும் கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் கட்டுப்பாடும் கூடவே போகும். பொழுதுபோக்குப் பெட்டிக்குள் பாதுகாப்பை வைத்ததால் வந்த வினை.

உங்கள் பக்க நியாயங்களும் எனக்குத் தெரியும். ஒரே அளவுத் துளை இருந்த காலத்தில் கார் செட் திருட்டு சர்வ சாதாரணமாக இருந்தது. கழற்றி எடுத்துப்போகும் முகப்பும் பேட்டரியை எடுத்தால் கேட்கும் நான்கு இலக்க ரகசிய எண்ணும் அதனால்தான் வந்தன. பெரிய திரையில் கேமரா பார்ப்பது வசதி, அதையும் மறுக்கவில்லை. வெளியில் விற்கும் செட்களும் யோக்கியமில்லை. ராத்திரியில் கண்ணைக் குத்தும் நீல விளக்கு, நகத்தால் மட்டுமே அழுத்த முடிகிற பட்டன், ஹேண்ட்பிரேக் போட்டால்தான் படம் ஓடும் என்ற தடையை, அதன் வயரை நேராக எர்த்தில் கொடுத்து ஏமாற்றி, ஓட்டும்போதே படம் பார்க்க வழி சொல்லித்தரும் ஆட்கள். ஆனால் திருட்டைத் தடுக்க, அந்தச் செட்டை அந்தக் காரோடு பிணைக்கும் பூட்டு ஒன்று போதும். அதற்காக டாஷ்போர்டையே செட்டாக்க வேண்டாம்.

கார் இருபது வருடம் ஓடுகிறது, போன் நாலைந்து வருடத்தில் மாறுகிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போனின் வரைபடத்தையும் பாட்டையும் காரின் திரைக்குக் கொண்டுவரும் கார்ப்ளே 2014-லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் வந்தன. அதற்கு ஒரு வருடம் முன்னால் அதிக விலையில் நீங்கள் விற்ற நேவிகேஷன் செட்கள் இன்று பழைய வரைபடத்தோடு அப்படியே நிற்கின்றன. அதே காலத்தில் மிக மலிவான மாடலை, வெறும் டபுள் டின் துளையும் பிளாஸ்டிக் மூடியுமாக வாங்கியவர், அதில் விருப்பப்பட்ட திரையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அதிகம் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார், குறைவாகக் கொடுத்தவர் தப்பித்தார். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றவில்லையா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஏசி, ஹசார்டு விளக்கு, எச்சரிக்கை மணி, கேமரா ஆகியவை செட்டைக் கழற்றி மேஜையில் வைத்த பிறகும் வேலை செய்ய வேண்டும். கேமராவுக்குத் திரை வேண்டுமானால் மீட்டர் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று வையுங்கள். செட்டுக்கு ஒரு தர அளவு இடம் விடுங்கள். பழைய 180 மி.மீ. அகலம் பிடிக்கவில்லை என்றால், எல்லோரும் சேர்ந்து புதிதாக ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். திரை மேலே துருத்திக்கொண்டு இருக்கட்டும், அதன் மூளை மட்டும் கழற்றி மாட்டும் பெட்டியாக இருக்கட்டும். சாவி, விளக்கு, ரிவர்ஸ் கியர், வேகம், ஸ்டியரிங் பட்டன் ஆகிய ஐந்து செய்திகளை மட்டுமாவது ஒரு பொதுக் கனெக்டரில் கொடுங்கள். அந்தக் கனெக்டர் வழியாக யாரும் பிரேக்கையோ எஞ்சினையோ தொட முடியாதபடி ஒருவழிப் பாதையாக்கவும் உங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர்களின் மின்தடை 4 ஓமா 2 ஓமா, நடுவில் தனி ஆம்ப்ளிஃபயர் உண்டா என்பதைக் காரின் கையேட்டில் ஒரு வரி எழுதினால், எத்தனையோ செட்களும் ஸ்பீக்கர்களும் புகையாமல் தப்பிக்கும்.

புது கனெக்டருக்குக் கூடிப் பேச வேண்டும், தரம் எழுத வேண்டும், வருடங்கள் ஆகும். புரிகிறது. ஆனால் ஏற்கெனவே சாலையில் ஓடும் கார்களின் செட்டுக்குப் பின்னால் உள்ள கனெக்டர் படம், எந்தப் பின்னில் என்ன என்ற அட்டவணை, ஸ்டியரிங் பட்டன்களின் செய்திகள் எல்லாம் உங்கள் கோப்புகளில் தயாராக இருக்கின்றன. வாரண்டி முடிந்த மாடல்களுக்கு மட்டுமாவது அவற்றைப் பொதுவில் வையுங்கள். இதற்கு எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
காரை மாற்றும் எண்ணமே இல்லாத ஒரு வாடிக்கையாளர்